தைக் கலியாணத்துக்கு உருக்கி வாக்கிற சோப்: மாரிக்குள்ள வேர்க்காமச் செய்யிறது எப்பிடி?

கல்லடிக்காரி | சனி, இரவு 8.40

வணக்கம். வாற தையில அக்காட கலியாணம். வாறாக்களுக்கு வெத்திலையோட சேத்துக் குடுக்கச் சின்னச் சோப் 150 நாங்களே செய்வம் எண்டு வீட்டில பேசி முடிவெடுத்திருக்கம். காஸ்டிக் சோடா பக்கமே போகல்ல. கட்டியா வாற சோப் பேஸை உருக்கி, நிறமும் வாசமும் சேத்து அச்சில வாக்கிற மெல்ட் அண்ட் போர் முறைதான்.

பழகிப் பாக்கக் கண்ணாடிப் பேஸ் ஒரு கிலோ எடுத்துச் செஞ்சன். உருக்கிறதும் வாக்கிறதும் லேசு. அச்சில இருந்து கழட்டேக்க பளபளப்பா, நல்ல வடிவா இருந்திச்சி. மேசையில வச்சிட்டு விடிய எழும்பிப் பாத்தா மேலெல்லாம் முத்து முத்தாத் தண்ணி. துணியால துடைச்சா மத்தியானத்துக்குள்ள மறுகாலும் பூக்குது. ரெண்டு நிறமா வாத்ததுகள் கை பட்டதும் தட்டுத் தட்டாக் கழண்டு வருது.

கலியாணம் வாறது அடை மழைக்குள்ள. இந்தத் தண்ணியை நிப்பாட்ட வழி இருக்கா? தட்டுகள் ஒண்டோட ஒண்டு பிடிக்க என்ன செய்யணும்? யூடியூப்பில பாக்கிற ஆக்கள் எல்லாரும் குளிர் நாட்டில, காஞ்ச அறைக்குள்ள செய்யிறாங்க. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் செய்யிற ஆரும் இருந்தா சொல்லுங்க.

சாய்ந்தமருது_ராத்தா | சனி, இரவு 9.25

தங்கச்சி, மனச விட்டுராதீங்க. பேஸிலயும் பிழை இல்ல, உங்கட கையிலயும் பிழை இல்ல. அது காத்தில இருந்து வாற தண்ணி. எங்கட கரையோரத்தில இந்த வேலையில பாதிச் சாமர்த்தியம் காத்தப் பாத்துச் செய்யிறதுதான். கச்சான் அடிக்கிற ஆனி, ஆடியில செய்ற சோப் வெளியில கிடந்தாலும் காஞ்சி நிக்கும். ஐப்பசி பிறந்திச்செண்டா கழட்டின கையோட மூடிரணும்.

நான் செய்ற விதத்தச் சொல்றன். பேஸ ஒரே அளவுச் சின்னத் துண்டா வெட்டுங்க. பெரிய கட்டியாப் போட்டா வெளிப்பக்கம் சூடேறிப் போக நடு அப்பிடியே கிடக்கும். சட்டியில தண்ணி கொதிச்சதும் அடுப்பக் குறைச்சி, அதுக்கு மேல உருக்கிற பாத்திரத்த வைங்க. மூடி போடணும், இல்லாட்டி பேஸில உள்ள தண்ணி ஆவியாப் போயிரும். 50, 55 பாகை செல்சியஸில இளகத் தொடங்கும். 65க்கு மேல நான் போக விடுறல்ல. கொதிச்ச பேஸ் மஞ்சளிக்கும், இழுபடும், மறுகா எந்த அச்சில ஊத்தினாலும் மங்கலாத்தான் நிக்கும். சமையலுக்கு விக்கிற வெப்பமானி ஒண்டு வாங்குங்க. அது இல்லாம ரெண்டு நிறம், மூண்டு நிறத் தட்டு வாக்கிற வேலைக்கு இறங்க வேணாம்.

மெதுவாக் கிண்டுங்க. வேகமாக் கிண்டினா நுரை ஏறும், அந்த நுரை சோப்பில அப்பிடியே உறைஞ்சி நிக்கும்.

இனி தண்ணி விசயம். வாத்த சோப் முழுசா ஆறினாப் பிறகு, மழை இல்லாத பகல் நேரமாப் பாத்து, கையுறை போட்டுக் கழட்டுங்க. விரல் அடையாளம் கண்ணாடிப் பேஸில அப்பிடியே தெரியும். கழட்டின உடனே கிளிங் பிலிம்ல, அதான் சாப்பாடு மூடுற மெல்லிய பிளாஸ்டிக் தாள்ல, இறுக்கிச் சுத்தணும். எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுப் பிறகு சுத்துவம் எண்டு நினைக்காதீங்க. ஆறு கழட்டினா ஆறையும் மூடிட்டு அடுத்த ஆறுக்குப் போகணும்.

கெதியா இறுகட்டும் எண்டு பிரிஜ்ஜுக்குள்ள வைக்கிற பழக்கம் கனபேருக்கு இருக்கி. எங்கட ஊருக்கு அது சரிவராது. குளிர்ந்த சோப்ப வெளியில எடுத்தா அந்த நிமிசமே வேர்க்கும்.

அக்கரைப்பற்று_கெமிஸ்ட்ரி | சனி, இரவு 10.15

ராத்தா சொன்னது முழுக்கச் சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், அது தெரிந்தால் எந்தப் பேஸ் வாங்குவது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

சோப் பேஸ் என்பது ஏற்கெனவே சவர்க்காரமாகி முடிந்த பொருள். கொழுப்பமிலங்களின் சோடியம் உப்புகள், அவற்றோடு கிளிசரின், சோர்பிட்டோல், புரொப்பிலீன் கிளைக்கோல், நீர். இந்தக் கிளிசரின் வகையறாக்கள்தான் பேஸை உருகவும் ஒளி புகவும் வைக்கின்றன. சாதாரண சவர்க்காரத்தில் பளிங்குகள் பெரிதாக வளர்ந்து ஒளியைச் சிதறடிக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். இங்கே அந்தப் பளிங்குகள் வளர விடாமல் இவை தடுக்கின்றன.

அதே கிளிசரின்தான் காற்றிலிருந்து நீரை இழுக்கிறது. மட்டக்களப்புக் கரையில் மார்கழி, தை மாதங்களில் காற்றின் ஈர அளவான சாரீரப்பதன் 80 வீதத்தை ஒட்டியே நிற்கும். அப்படியான காற்றில் தூய கிளிசரினைத் திறந்து வைத்தால், ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான நீரை உறிஞ்சிய பிறகுதான் ஓயும். ஆகவே துடைத்துப் பயனில்லை. துடைக்கத் துடைக்க வரும்.

வாங்கும்போது "லோ ஸ்வெட்" என்று எழுதிய பேஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இழுக்கும் பொருட்களைக் குறைத்துச் செய்தது. வெள்ளைப் பேஸ் என்பது பெரும்பாலும் அதே பேஸில் தைத்தானியம் ஈரொட்சைட்டு சேர்த்தது. அதுவும் வேர்க்கும், கண்ணாடிப் பேஸ் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பலர் பேஸோடு மேலதிகமாகக் கிளிசரின் சேர்க்கிறார்கள், "தோலுக்கு நல்லது" என்று. மாரி காலத்தில் தயவுசெய்து வேண்டாம்.

களுதாவளை_தென்னந்தோப்பு | ஞாயிறு, காலை 6.50

மகள், கோவிக்காத. ஒரு கட்டியை வாங்கி உருக்கி அச்சில ஊத்துறது சோப் செய்யிறதா? பேஸ் எல்லாம் கொழும்பில இருந்து வருது, காசும் அங்கதான் போகுது. எங்கட பக்கம் தேங்காய் எண்ணெய் இருக்கு. தேங்காய் எண்ணெய்ச் சோப் உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும். கடலில போறாக்களுக்கு அந்தச் சோப்தான் சரி எண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும். கரையோரக் கிணறுகளில கன இடத்தில தண்ணி கடினம், மத்தச் சோப்புகள் திரைஞ்சி போகும். நாள் இருக்குதானே, காஸ்டிக் சோடாவைக் கரைச்சி அடியில இருந்து செய். கலியாணத்துக்கு வாறாக்கள் குளிச்சிப் பாத்திட்டுச் சொல்லுவாங்க.

சாய்ந்தமருது_ராத்தா | ஞாயிறு, காலை 8.05

அண்ணன், தேங்காய் எண்ணெய்ச் சோப்பப் பத்திச் சொன்னது உண்மை. நானும் அது செய்றன், வீட்டுப் பாவனைக்கு அதுதான். ஆனா இந்தப் பிள்ளை கேக்கிறது வேற. கண்ணுக்கு வடிவான, உள்ளுக்கு உருவம் தெரியிற சோப். குளிர் முறையில காஸ்டிக் கரைச்சிச் செய்ற சோப் கண்ணாடியா வராது. அதோட நாலு தொட்டு ஆறு கிழமை காய விடணும். முதல் தடவ செய்ற ஒராள் கலியாண வீட்டுக்கெண்டு 150 சோப்ப காஸ்டிக் சோடாவில தொடங்கிறது எனக்குச் சரியாப் படல்ல.

மறுகா, உருக்கி வாக்கிறதில வேலை இல்லயெண்டு சொல்றத நான் ஒப்புக்கொள்ள மாட்டன். சூடு நாலு பாகை பிசகினா ஒரு தட்டு மத்தத் தட்டோட கலந்து போகும், இல்லாட்டி ஒட்டாமக் கழண்டிரும். வீட்டில சின்னப் பிள்ளைகள வச்சிக்கிட்டு, காஸ்டிக் பயம் இல்லாம ஒரு பொம்புள அடுப்படியில இருந்து ரெண்டு காசு உழைக்க இது நல்ல வழி. எங்கட ஊரில எத்தினயோ பேர் இதிலதான் பழகினவங்க.

அக்கரைப்பற்று_கெமிஸ்ட்ரி | ஞாயிறு, காலை 9.30

களுதாவளை ஐயாவுக்கு: உங்கள் வழி மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைப் புதியவருக்குச் சொல்லும்போது அளவையும் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சவர்க்காரமாக ஏறக்குறைய 0.183 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது காஸ்டிக் சோடா, வேண்டும். 500 கிராம் எண்ணெய்க்கு 91 கிராம் சொச்சம். தோலுக்காகக் கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச விட்டு அதிலும் குறைத்துத்தான் போடுவார்கள். கரண்டிக் கணக்கில் செய்கிற வேலை இது இல்லை, கிராம் தராசு வேண்டும். காஸ்டிக்கைத் தண்ணீருக்குள் கொட்ட வேண்டும், மறந்தும் தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக்கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த இடம் வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

ஒளி புகும் சோப் ஒன்றும் நேற்றைய விளையாட்டு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் அன்ட்ரூ பியர்ஸ் 1807ஆம் ஆண்டிலேயே அப்படியொரு சோப்பை விற்றார். சோப்பை அற்ககோலில் கரைத்து எடுத்த முறை அது. இன்றைய பேஸும் அதே வழியில் வந்ததுதான்.

களுதாவளை_தென்னந்தோப்பு | ஞாயிறு, காலை 10.10

காஸ்டிக் கதை சரி தம்பி, அளவு சொன்னது நல்லது. மகள், நீ உன்ர விருப்பப்படி செய். கலியாணம் முடிய எங்கட முறையையும் ஒருக்காப் பழகிப் பார், நான் சொல்லித் தாறன்.

வாழைச்சேனை_அம்மம்மா | ஞாயிறு, பகல் 12.20

நான் பேத்திக்குச் செய்ய நினைக்கிறன். கடைக் கலர், கடை வாசம் ஒண்டும் போடாம, முத்தத்து மல்லிகைப் பூ, பசும்பால், பச்சை மஞ்சள், வேப்பிலை அரைச்சிப் போடலாமா? சின்னப் பிள்ளைக்கு அதுதானே நல்லது.

சாய்ந்தமருது_ராத்தா | ஞாயிறு, பகல் 1.45

அம்மா, நல்ல எண்ணம்தான். ஆனா பச்சையா எதையும் பேஸில போட ஏலாது. பச்சைப் பால், அரைச்ச இலை, பழச்சாறு எல்லாம் சோப்புக்குள்ள பழுதாகும். கொஞ்ச நாளில நாத்தம் வரும், பூஞ்சணம் பிடிக்கும். பால் வேணுமெண்டா பால் பவுடர், அதுவும் ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, உருக்கின பேஸில கொஞ்சம் எடுத்துக் கட்டியில்லாமக் கரைச்சிட்டுச் சேக்கிற. இல்லாட்டி ஆட்டுப்பால் பேஸ் எண்டே விக்கிறாங்க, அத வாங்குங்க.

மல்லிகைப் பூவ உள்ளுக்கு வச்சா வைக்கேக்க கண்ணுக்குக் குளிர்ச்சி, ரெண்டு மூண்டு நாளில மண்ணிறமாப் போயிரும். காயவச்ச ரோசாவும் அப்பிடித்தான். காயவச்சு நிறம் மாறாம நிக்கிற பூ கலெண்டுலா. அந்த இதழ் மஞ்சளாவே கிடக்கும். மஞ்சள் தூள் போட்டா சோப் செம்மஞ்சளா வரும், வெயில் பட்டா மங்கும், துவாயிலயும் பிடிக்கும். சிட்டிகைக்கு மேல வேணாம். வேப்பிலைய நிழலில காயவச்சி, நல்லா அரிச்ச தூளா எடுத்தா பாதுகாப்பு. கண்ணாடிப் பேஸில தூள் எல்லாம் அடியில போய் நிக்கும். பேஸ் 50 பாகைக்குக் கிட்ட ஆறி, கிண்டேக்க கொஞ்சம் தடிப்பா வாற நேரம் தூளச் சேத்து உடனே வாத்தா நடுவில மிதந்து நிக்கும்.

பேத்திட தோல் லேசில சிவக்கிற தோல் எண்டா வாசமும் நிறமும் இல்லாத பேஸ வெறுமனே வாத்துக் குடுங்க. அச்சு பூ வடிவமா இருந்தாப் போதும், பிள்ளை சந்தோசப்படும்.

பொத்துவில்_கரை | ஞாயிறு, மாலை 4.30

நாங்க அறுகம்பேயில தங்குமிடங்களுக்குச் சின்னச் சோப் குடுக்கிறம். வெளிநாட்டுக்காரங்க கேக்கிறது ரெண்டுதான்: கறுவா வாசம், இல்லாட்டி லெமன்கிராஸ். கறுவா எண்ணெய் இலங்கையிலயே கிடைக்குது, சுத்தமானது. வாசம் நல்லாத் தூக்கலா வர எவ்வளவு போடலாம்? ஒராள் கிலோவுக்கு 50 மில்லி எண்டு சொல்றார்.

அக்கரைப்பற்று_கெமிஸ்ட்ரி | ஞாயிறு, மாலை 5.40

50 மில்லி வேண்டவே வேண்டாம் தம்பி. சுத்தமான எண்ணெய் என்றால் அளவு இன்னும் குறைய வேண்டும், ஏனென்றால் சுத்தமாக இருப்பதுதான் அதன் வீரியம். கறுவாப்பட்டை எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் சினமல்டிகைட்டு. தோல் எரிவும் ஒவ்வாமையும் உண்டாக்குவதில் பேர் போனது. கறுவா இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல், கராம்பு எண்ணெயில் இருப்பதும் அதேதான். பல்வலிக்குக் கராம்பெண்ணெய் வைத்தவருக்கு அது எப்படிச் சுடும் என்று தெரியும். வெயிலில் அலையில் நின்று தோல் காய்ந்து வருகிற ஆட்களுக்கு இதைத் தூக்கலாகப் போட்டுக் கொடுப்பது நியாயமில்லை.

பொதுவாகச் சோப்புக்கென்று விற்கும் வாசனை எண்ணெயை 1 கிலோ பேஸுக்கு 10 முதல் 20 கிராம் வரை போடுங்கள். 3 வீதம், அதாவது 30 கிராம், மேல் எல்லை. அதைத் தாண்டினால் பேஸ் எண்ணெயைப் பிடித்து வைக்காது, மேலே கசியும், நுரையும் குறையும். ஒவ்வொரு வாசனைக்கும் சர்வதேச வாசனைப்பொருள் சங்கமான இஃப்ரா வகுத்த எல்லை ஒன்று உண்டு. விற்பவரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், கழுவிவிடும் பொருளுக்குரிய எண்ணைப் பாருங்கள். தராத கடையில் வாங்காதீர்கள். கறுவா வாசம் கட்டாயம் வேண்டுமென்றால் அந்த எல்லைக்குள் கலந்து செய்த வாசனை எண்ணெயை வாங்குவது மேல். சாம்பிராணிக்கு, மெழுகுதிரிக்கு, காருக்கு விற்கும் வாசனைகளை எடுத்துத் தோலுக்குப் போட வேண்டாம்.

பொத்துவில்_கரை | ஞாயிறு, மாலை 6.05

விளங்குது சேர். அப்ப கறுவாவ விட்டிட்டு லெமன்கிராஸக் குறைச்ச அளவில போடுறம். இன்னொண்டு: வனிலா போட்ட வெள்ளைச் சோப் கொஞ்ச நாளில கபிலமாப் போகுது. எண்ணெய் பழசா?

அக்கரைப்பற்று_கெமிஸ்ட்ரி | ஞாயிறு, மாலை 6.20

பழசு இல்லை. வனிலின் இருக்கிற எந்த வாசனையும் சோப்பைக் கபிலமாக்கும். லேபிளில் வனிலின் வீதம் போட்டிருந்தால் பூச்சியம் உள்ளதை எடுங்கள். இல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே கபில நிறமாக, கோப்பி நிறமாகத் திட்டமிட்டுச் செய்யுங்கள்.

கல்லடிக்காரி | ஞாயிறு, இரவு 8.15

எல்லாருக்கும் பெரிய நன்றி. ராத்தா, மனசில ஒரு வடிவம் இருக்கு. அடியில மணல் நிறம், அதுக்கு மேல வாவி நிறத்தில மெல்லிய தட்டு, நடுவில வெள்ளைச் சோப்பில சின்ன மீன், அதை மூடி மேலால கண்ணாடிப் பேஸ். மட்டக்களப்பெண்டா பாடுமீன்தானே. வெளியூரில இருந்து வாற மாப்பிள்ளை வீட்டாக்கள் கையில எடுத்ததும் எந்த ஊர்ச் சோப் எண்டு தெரியணும். சமையலுக்குப் போடுற நீலக் கலரில ஒரு தட்டு வாத்தன், கண்ணாடித் தட்டுக்குள்ள நிறம் மெல்ல ஏறுது.

சாய்ந்தமருது_ராத்தா | ஞாயிறு, இரவு 9.30

மாஷா அல்லாஹ், நல்ல யோசன. செய்வம்.

முதல்ல நிறம். சாப்பாட்டுக் கலர் தண்ணியில கரையிறது, அது ஒரு தட்டில இருந்து மத்தத் தட்டுக்கு ஊறிக்கிட்டே போகும். உங்களுக்கு வேணும் மைக்கா தூள், அது மினுமினுக்கிற கனிமத் தூள், இல்லாட்டிச் சோப்புக்குரிய ஒட்சைட்டு நிறம். ரெண்டும் ஊறாது. மைக்காவ நேரா பேஸில கொட்டினா கட்டிபடும். சின்னக் கோப்பையில ரெண்டு சொட்டு ஸ்பிரிட்டில குழைச்சி, மறுகா ஊத்துங்க. வாவி நிறத்துக்கு நீலத்தோட துளி பச்சை. கொஞ்சமா, உள்ளுக்குப் பாத்தா அடி மணல் தெரியணும். பூசுற ஐசேடோ, கைவேலைக்கு விக்கிற மினுக்கு எல்லாம் போடாதீங்க, கண்ணில படுற சாமான்.

மீனுகள முதல் நாளே வெள்ளைப் பேஸில செஞ்சி வைங்க, செஞ்சதும் மூடி வைங்க. இல்லாட்டி மீனே வேர்த்து, மேல வாக்கிற பேஸ் அதில பிடிக்காது.

அடுத்த நாள் அடித்தட்ட 60 பாகையில வாத்து உடனே ஸ்பிரிட் தெளிங்க, மேல நிக்கிற நுரையெல்லாம் ஒடைஞ்சி போகும். அது எப்ப பதம் எண்டா, விரல் நுனியால மெதுவாத் தொட்டா ஆடை கட்டி நிக்கணும், விரலில ஒட்டக்கூடாது, ஆனா உள்ளுக்கு இளஞ்சூடு இருக்கணும். உங்கட தட்டு கழண்டு வந்தது இதாலதான்: அடித்தட்டு முழுசா ஆறிட்டா மேல் தட்டு அதில பிடிக்காது. பதம் வந்ததும் திரும்ப ஸ்பிரிட் தெளிச்சி, ரெண்டாம் தட்ட 52, 55 பாகையில, கரண்டிட முதுகில விழுத்தி மெதுவா வாருங்க. நேரா ஊத்தினா ஓட்டை விழுந்து மணலும் தண்ணியும் ஒண்டாப் போகும். நீலத் தட்டு ஆடை கட்டினதும் மீன அதில லேசா அமத்தி வச்சி, மீனுக்கும் ஸ்பிரிட் தெளிச்சி, கண்ணாடிப் பேஸ 50க்கும் 52க்கும் இடையில வாருங்க. 60 பாகையில வாத்தா மீன்ட வாலும் செட்டையும் கரைஞ்சி போகும். நான் மீன் செய்றல்ல, பிறை, இலை, பூ உள்ளுக்கு வச்சிச் செய்றன். முறை ஒண்டுதான்.

தட்டு முழுசா ஆறிட்டா என்ன செய்ற எண்டு கேட்டா, முள்ளுக்கரண்டியால மேற்பக்கத்தக் கீறிட்டு, ஸ்பிரிட் தெளிச்சி, மேல் தட்டக் கொஞ்சம் கூடின சூட்டில வாக்கலாம். தப்பும், ஆனா முதல் வழி அளவுக்கு உறுதி இல்ல.

ஏறாவூர்_உம்மும்மா | ஞாயிறு, இரவு 9.55

ராத்தா, ஸ்பிரிட் எண்டு சொல்றது எது? எங்கட வீட்டில ஸ்பிரிட் பாவிக்க விருப்பமில்ல. வேற வழி இருக்கா?

சாய்ந்தமருது_ராத்தா | ஞாயிறு, இரவு 10.10

பாமசியில விக்கிற ஐசோப்ரொபைல் அற்ககோல், 70 வீதத்துக்கு மேல உள்ளது. ஸ்பிரே போத்தலில ஊத்திப் பாவிக்கிற. குடிக்கிற சாமான் இல்ல, தெளிச்சிக் கொஞ்ச நேரத்தில ஆவியாப் போயிரும். ஆனா விருப்பமில்லாட்டி இல்லாமலும் செய்யலாம். நுரைய கரண்டியால ஓரத்துக்கு ஒதுக்கி வழிச்செடுங்க, தட்டுக்கு முள்ளுக்கரண்டியால கீறுங்க, மைக்காவ உருக்கின பேஸ் கொஞ்சத்திலயே குழைங்க. கொஞ்சம் பொறுமை கூட வேணும். ஸ்பிரிட் தெளிக்கிற ஆக்கள் அடுப்ப நிப்பாட்டி, நெருப்பில்லாத இடத்தில தெளிங்க. பேஸில மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா, பாம் எண்ணெயா எண்டும் கேட்டு வாங்குங்க, லேபிளில "சோடியம் டாலோவேட்" எண்டு இருந்தா அது மிருகக் கொழுப்பு.

செங்கலடி_இப்ப_ஜெர்மனி | திங்கள், காலை 11.40

வாசிச்சிக் கொண்டே வந்தன், ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லல்ல. ஊரில இப்ப வட்டிலப்பம், லட்டு, ஜெலி, ஐஸ்கிரீம் வடிவத்தில சோப் செஞ்சு படம் போடுறாங்க. வாசமும் பழ வாசம். சின்னப் பிள்ளை வாயில வைக்கும். ஐரோப்பாவில சாப்பாடு மாதிரித் தெரிஞ்சு பிள்ளைகளுக்கு ஆபத்தாகிற சாமான்களுக்கு எதிரா 1987லேயே சட்டம் வந்திட்டுது. கலியாண வீட்டில பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில சோப் இருக்கப் போகுது, அதால கேக் வடிவம், தொதல் வடிவம் எதுவும் வேணாம். மீன் நல்லது. பொதிக்கு மேல "சோப்" எண்டு தெளிவா எழுதுங்க.

சாய்ந்தமருது_ராத்தா | திங்கள், பகல் 12.30

மிச்சம் சரியான கத. வட்டிலப்ப சோப் செஞ்சு தரச் சொல்லி என்னட்டயும் கேட்டாங்க, நான் எடுக்கல்ல. வீட்டில மூண்டு வயசுப் பிள்ள இருக்கிறவளுக்கு அதை என்னெண்டு குடுக்கிற.

மருதமுனை_தறி | திங்கள், மாலை 3.15

பொதி விசயத்தில நான் ஒண்டு சொல்லலாமா? கிளிங் பிலிம் மட்டும் சுத்தினா கலியாண வீட்டுக்குக் களையா இருக்காது. பிலிம் உள்ளுக்கு இருக்கட்டும், அதுதான் ஈரத்த நிப்பாட்டும். மேலால எங்கட தறியில மிஞ்சிற கைத்தறித் துண்ட ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சிக் கட்டுங்க. சாரிக் கரைத் துண்டுகள் கிலோக் கணக்கில கிடக்கு, பொண்ணுட கூறைட நிறத்துக்குப் பாத்து எடுக்கலாம். பனையோலைச் சின்னப் பெட்டியில வச்சாலும் வடிவு. வெறும் கடதாசிப் பெட்டியோ ஓலைப் பெட்டியோ ஈரத்த மறிக்காது, அதால பிலிம் கட்டாயம்.

வாழைச்சேனை_அம்மம்மா | திங்கள், மாலை 4.00

ஓலைப் பெட்டி எங்கட பக்கம் பின்னுற பொம்புளையள் இருக்காங்க. மூடியோட சின்னதாப் பின்னச் சொல்லலாம், ஒரு மாசம் முந்திச் சொல்லணும். மழை தொடங்கினா ஓலை காயாது மகள்.

கல்லடிக்காரி | திங்கள், இரவு 7.50

மீன் போட்டு, ராத்தா சொன்ன சூட்டில, சின்னதா ஆறு வாத்துப் பாத்தன். தட்டுப் பிடிச்சிட்டு, கத்தியால நடுவால வெட்டியும் கழரல்ல. மீன்ட செட்டை கூடத் தெளிவாத் தெரியுது. மூண்டைப் பிலிம் சுத்தி, மூண்டைச் சுத்தாம ஜன்னல் பக்கம் வச்சிருக்கன், ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்க. பேரும் உள்ளுக்கு வைக்கச் சொல்லி அக்கா கேக்கிறா. மாப்பிள்ளை பேர், அவட பேர். கடதாசி வச்சா ஊறிடுமே?

அக்கரைப்பற்று_கெமிஸ்ட்ரி | திங்கள், இரவு 8.20

நீரில் கரையும் கடதாசி என்று ஒன்று விற்கிறார்கள். அதில் லேசர் அச்சில் பெயரை எடுத்து, கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, மெல்லிதாக இன்னொரு தட்டு வாருங்கள். கடதாசி கண்ணுக்குத் தெரியாமல் போகும், எழுத்து மட்டும் நிற்கும். இங்க்ஜெட் அச்சு வேண்டாம், மை கலங்கிவிடும். ஆனால் மீனும் இருக்க, பெயரும் இருக்க, தட்டு நாலாகும். 150 சோப்புக்கு அது பெரிய வேலை. பெயரை வெளியே துணியில் கட்டும் சீட்டில் எழுதினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சாய்ந்தமருது_ராத்தா | திங்கள், இரவு 8.45

சேர் சொல்றதுதான் சரி. பேர் சீட்டில போகட்டும்.

இனி கணக்கு. கையடக்கமா 60 கிராம் சோப் போதும். 150க்கு 9 கிலோ. சிந்துறது, உடையிறது எல்லாம் சேத்து 10 கிலோ எடுங்க. அதில மணலுக்கும் மீனுக்கும் வெள்ளை 4 கிலோ, மிச்சம் லோ ஸ்வெட் கண்ணாடி. வாசம் கிலோவுக்கு 15 கிராம் பிடிச்சா 150 கிராம். மீனுக்கு வாசம் போடாட்டியும் பறவாயில்ல. உடைஞ்சதுகளையும் வெட்டின ஓரங்களையும் எறியாதீங்க, திரும்ப உருக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு மேல உருக்கினா தண்ணி வத்தி மங்கிரும், அதுகள அடித்தட்டுக்குப் பாவிங்க.

ஆறு குழி அச்சு நாலு வச்சிக்கொள்ளுங்க. ஒரு ஈட்டுக்கு 24, தட்டு மூண்டும் ஆறி முடிய அரைநாள் போகும். ஒரு நாளைக்கு ஒரு ஈடு எண்டு வச்சா ஒரு கிழமை. மீனுகள அதுக்கு முந்தின கிழமையே முடிச்சிருங்க. மார்கழி நடுவில செஞ்சு, பிலிம் சுத்தி, காத்துப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில அடுக்கி, பெட்டிய அலுமாரிக்குள்ள வைங்க. அடுப்படியில வேணாம், ஆவி படும். கலியாணத்துக்கு முந்தின நாள்தான் துணி கட்டி ஓலைப் பெட்டியில போடணும்.

பேஸ் புறக்கோட்டையில இருந்து நானும் இந்த மாசம் எடுக்கிறன். பெரிய கட்டியா எடுத்தா விலை குறையும். உங்கட 10 கிலோவையும் சேத்துச் சொல்லவா? கல்முனை பஸ்ஸடிக்கு ஆர் வந்து எடுப்பாங்க?

கல்லடிக்காரி | திங்கள், இரவு 9.05

சொல்லுங்க ராத்தா, சேத்தே எடுப்பம். தம்பி கல்முனையிலதான் வேலை செய்யிறான், பின்னேரம் வந்து எடுப்பான். மைக்காவும் நீலம், பச்சை, மணல் நிறம் மூண்டிலயும் அங்கயே கிடைச்சாச் சேத்துப் போடுங்க. தறிக் கடைக்கு ஞாயிறு அக்காவக் கூட்டிக்கொண்டு வாறன், கூறை நிறம் அவ கையால பாத்து எடுக்கட்டும். அம்மம்மா, ஓலைப் பெட்டி 150, மூடியோட, நாளைக்கே சொல்லி வைங்க.

சுத்தாம வச்ச மூண்டும் இப்பவே பூக்கத் தொடங்கிட்டு. சுத்தினது மூண்டும் காஞ்சிருக்கு.